வன்னியில் போன நம் பிள்ளைகளுக்கும் பேர் போடுங்கள்

(கிளைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைத் தலைவர் பேசிவிட்டார், என்னைவிட நன்றாகவே பேசினார். நான் ஒரு பேரைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க மலையில் நின்றாலும் நிறை குறைந்தால் அரைப்பேர். போன மாதம்கூட அந்த அரைப்பேருக்காகப் பெரட்டுக்களத்தில் நின்றோம். வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 'இன்றைக்கு எனக்குப் பேர் விழவில்லை' என்று சொன்னால் விழிப்பார்கள். நமக்கு அது சோறு. அரைப்பேருக்குச் சண்டைக்குப் போகிற நாம், ஒரு பிள்ளையின் பேரே எங்கேயும் விழாமல் போனதைப் பற்றிப் பதினைந்து வருடத்துக்கு மேலாக வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை என் அத்தை மகன்.

அத்தை என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கச்சி. இந்தத் தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார். முன்வரிசையில் இருக்கிற பாட்டிமாருக்கு ஆளைத் தெரியும். பேர் சொல்ல வேண்டாமென்று அத்தை கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. பேரைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பேரைச் சொல்லாமல் நிற்கிறேன் பாருங்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள், விளங்கும்.

1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்ததை ஒவ்வொரு மே மாதமும் இதே மண்டபத்தில் சொல்கிறோம். 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பிரிக்கப் போனதை எதிர்த்த போராட்டம். அதற்கு மூன்று மாதம் கழித்து, தேர்தல் முடிந்த கையோடு, ஆவணியில் கலவரம் வந்ததே, அந்த இடத்தில் நம் பேச்சு நின்றுவிடும். அத்தைக்கு அப்போது பதினாலு வயது. லயத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டு ராத்திரி தேயிலைக்குள்ளே படுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பெரியப்பா குடும்பம் லொறியில் ஏறியபோது தாத்தா அத்தையையும் ஏற்றிவிட்டார். 'பொம்பளப் புள்ள, அங்கயாவது உசுரோட இருக்கட்டும்' என்று சொன்னாராம். அப்பா இங்கேயே நின்றுவிட்டார், செக்ரோலில் பேர் இருந்தது.

வன்னிக்கு இறங்கிய முதல் ஆட்கள் அவர்கள் இல்லை. சிறிமா காலத்துப் பஞ்சத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் போயிருந்தார்கள். வவுனியாவில் காந்தியம் என்றொரு அமைப்பு நம் ஆட்களைக் குடியேற்றியது. அதை நடத்தியவர்கள் டேவிட் ஐயாவும் டாக்டர் ராஜசுந்தரமும். இரண்டு பேரையும் 1983இல் பிடித்து அடைத்தார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளே டாக்டரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் முல்லைத்தீவு எல்லையில் கென்ட் பாம், டொலர் பாமில் இருந்த நம் குடும்பங்களை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1984 நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அங்கே போய் வந்திருந்த அந்தச் சனங்களைக் கொன்றார்கள். இரண்டு கூட்டமும் தானாக அந்தக் காட்டைத் தேடிப் போனது இல்லை, கொண்டுபோய் விடப்பட்டவர்கள்தான்.

அத்தை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வாக்கப்பட்டுப் போனார். அங்கே மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர்கள் உண்டு. ஆமாம், தொண்டமான்நகர்தான், சிரிக்காதீர்கள். அத்தை அப்படிப்பட்ட ஒரு ஊரில் அரை ஏக்கர் வளவில் கொட்டில் போட்டு, மற்றவர்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, இரண்டு பொம்பளைப் பிள்ளைகளையும் ஒரு பையனையும் வளர்த்தார். அந்த வளவுக்கு இன்றைக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை.

பையன் பிறந்தது 1989இல். நான் அவனை முதன்முதலில் பார்த்தது 2002இல், சமாதான ஒப்பந்தம் வந்து ஏ9 ரோட்டைத் திறந்த வருடம். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தைந்து வருடம் கழித்து அண்ணனும் தங்கச்சியும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் அழவில்லை. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்து 'தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்கு' என்று கேட்டார். அத்தை 'வேசையில வத்திரும்' என்றார்.

2004இல் என் தங்கச்சி சடங்குக்கு அவன் இங்கே வந்தான். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், கறுப்பாக, ஒல்லியாக, நடுங்கிக்கொண்டே திரிந்தானே, அவன்தான். மூன்று கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை என்றான். தேயிலைச் செடியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று துப்பிவிட்டு, 'இதுக்கா இவ்வளவு பேரும் சாகிறீங்க' என்று கேட்டான். அப்பா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். காம்பராவுக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியைப் பார்த்து, வடிகான் சரியில்லை என்று மண்வெட்டியை எடுத்து அவனே வெட்டினான். அந்தக் கான் இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது.

2006 ஆகஸ்ட்டில் ரோட்டை மறுபடி மூடினார்கள். கடிதம் நின்றது.

அவன் எப்படிப் போனான் என்று அத்தையிடம் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வரும். ஒரு நாள் 'அவனாத்தான் போனான், சொல்லாமப் போயிட்டான்' என்பார். இன்னொரு நாள் 'வந்தாங்க, கூட்டிட்டுப் போனாங்க, நான் காலைப் புடிச்சேன்' என்பார். எது உண்மை என்று நான் துருவவில்லை. போரின் கடைசி வருடங்களில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிள்ளைகளை எடுத்தது ஊரறிந்த விஷயம். பதினெட்டு வயது ஆகாதவர்களும் போனார்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருந்தவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. கூலிக்கு நாற்று நட்டவர்களுக்கு என்ன வழி? இதை நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது. சனங்கள் அதற்கு முன்பே கிழக்கே நகரத் தொடங்கியிருந்தார்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். மாமா நடுவழியில் ஷெல்லடியில் போனார். மார்ச் மாதம் பங்கருக்குள்ளே இருந்த அத்தையிடம் ஒரு பையன் வந்து, 'அம்மா, இன்னார் வீரச்சாவு' என்று ஒரு பேரைச் சொன்னானாம். அத்தைக்கு யாரென்றே விளங்கவில்லை. அது இயக்கம் வைத்த பேர். 'என் மகனுக்கு அந்தப் பேர் இல்லையே தம்பி' என்றாராம். அந்தப் பையன் தயங்கி நின்றுவிட்டு, 'தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க் குளிர்ல நடுங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே, அவன்தான்' என்றானாம். அப்படித்தான் அத்தைக்குத் தெரிந்தது. இருபது வயது முடியவில்லை. உடல் கிடைக்கவில்லை. எந்த இடம் என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு அத்தை பிள்ளைகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கைப்பையில் இருந்த பிறப்புச் சான்றிதழ், படம், மாமாவின் அடையாள அட்டை எல்லாம் நந்திக்கடலைக் கடக்கும்போது தண்ணீரில் போய்விட்டன.

இங்கே நம் பக்கத்தில் என்ன நடந்தது? சடங்கு ஆல்பத்தில் அவன் நின்ற படம் ஒன்று இருந்தது. மலையகத்துப் பிள்ளைகளையும் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன காலம் அது, மறந்திருக்க மாட்டீர்கள். அப்பா ஒரு ராத்திரி அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து உருவி எடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனதை நானே பார்த்தேன். காலையில் கேட்டேன், 'எரிச்சிட்டேன்' என்றார். நாங்கள் நம்பினோம். அதற்குப் பிறகு அப்பா சாகும் வரைக்கும் அந்தப் பையனின் பேரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இந்த வருடம் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது முருகன் படத்தின் கண்ணாடி விழுந்து உடைந்தது. சட்டத்தைப் பிரித்தால், அட்டைக்கும் முருகனுக்கும் நடுவில் அவன் இருக்கிறான்.

படத்தில் முகம் முழுசாகத் தெரியாது. முறைப்பையன் என்று எல்லாரும் கேலி செய்ய, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிவிட்டான், படம் எடுத்தவர் அதற்குள் பிளாஷ் போட்டுவிட்டார். அப்பாவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறான். கை நீளம், விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். உலகத்திலேயே அவனுடைய படம் அது ஒன்றுதான்.

அதை எடுத்துக்கொண்டுதான் நவம்பரில் கிளிநொச்சிக்குப் போனேன். அத்தை படத்தை வாங்கி வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, 'இம்புட்டுச் சின்னப் புள்ளையாவா இருந்தான்?' என்று கேட்டார். அத்தையின் நினைப்பில் அவன் வயது ஏறிக்கொண்டே வந்திருக்கிறான். இப்போது இருந்தால் முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் கட்டியிருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்த மனுஷிக்கு, கையில் கிடைத்தது பதினைந்து வயதுப் பையன்.

நவம்பர் 27 அன்று கனகபுரம் துயிலுமில்லத்துக்குப் போனோம். அங்கே வரிசையாகக் கல்லறைகள் இருந்தன. போர் முடிந்த பிறகு இராணுவம் இடித்துத் தள்ளியது. சில வருடங்கள் யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. 2016இல் சனங்களே போய்ப் பற்றை வெட்டி, உடைந்த கல்லைக் கூட்டி வைத்து மறுபடி விளக்கேற்றத் தொடங்கினார்கள். என் அத்தை மகனுக்கு அங்கே உடைந்த கல்கூட இல்லை. கடைசி மாதங்களில் போனவர்களுக்குக் கல் வைக்க யார் இருந்தார்கள்? மற்றத் தாய்மார் படம் வைத்து விளக்கேற்றுவார்கள், அத்தை இவ்வளவு காலமும் வெறும் மண்ணில்தான் விளக்கேற்றியிருக்கிறார். இந்த முறை டவுனில் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் ஒட்டி எடுத்துப் போனோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'ஏன் பிள்ளை மற்றப் பக்கம் பார்க்குது?' என்று கேட்டார். அத்தை சடங்குக் கதையைச் சொல்லத் தொடங்கினார். விளக்கு எரிந்து முடியும் வரைக்கும் அந்தக் கதைதான் ஓடியது. நாலைந்து தாய்மார் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

அங்கே போட்ட பாட்டும் ஒலிபெருக்கிப் பேச்சும் எனக்கு ஒட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சில் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த வீரர்கள். வடிகான் வெட்டிய பையன் அதில் இல்லை.

அடுத்த நாள் அத்தை மகள் என்னை ஆனையிறவு உப்பளம் பார்க்கக் கூட்டிப்போனாள். வழியில் ரோட்டோரமாக ஒரு பழைய புல்டோசர் நிற்கிறது. 1991 ஜூலையில் புலிகள் அந்த முகாமைத் தாக்கியபோது இரும்புத் தகடு அடித்துக் கொண்டுவந்தது. காமினி குலரத்ன என்ற சிப்பாய் கைக்குண்டுகளோடு அதில் ஏறி அதை நிறுத்தினார், அங்கேயே செத்தார். ஹசலக்கைக்காரர். நம் மலைக்குக் கீழே, மகியங்கனைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். நாட்டிலேயே பெரிய வீரப் பதக்கம் முதலில் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கின்றன. நாங்கள் போன நேரம் ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அம்மா மேல் ஒரு கோபமும் வரவில்லை. அத்தை மகள் மட்டும், 'அந்த ஆளுக்கு வண்டியே இருக்கு, எங்க அண்ணனுக்குக் கல்லும் இல்ல' என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

ஆனால் அந்தப் பக்கத்திலும் எல்லாருக்கும் சிலை வைக்கவில்லை, தோழர்களே. கண்டியில் விசாகா தர்மதாச என்றொரு அம்மா இருக்கிறார். அவருடைய மகன் இளம் இராணுவ அதிகாரி. 1998 செப்டெம்பர் 27ஆம் திகதி புலிகள் கிளிநொச்சி முகாமைத் தாக்கியபோது காணாமல் போனார். அந்த அம்மா அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. காணாமல் போன சிப்பாய்களின் பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கம் கட்டினார். ஒவ்வொரு சிப்பாயின் கழுத்திலும் அடையாளத் தகடு இருக்க வேண்டும், செத்தால் யாரென்றாவது தெரிய வேண்டும் என்று கேட்டார். வன்னிக்கே வந்து புலிகளின் ஆட்களைச் சந்தித்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். அந்த செப்டெம்பர் ராத்திரி என் அத்தை மல்லாவிப் பக்கம் தரப்பாள் கொட்டிலில் இடம்பெயர்ந்து இருந்தார், ஒன்பது வயது மகனை மடியில் போட்டுக்கொண்டு அந்த ஷெல் சத்தத்தைக் கேட்டவர். இந்தக் கதையைச் சொன்னபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'அந்தம்மாகிட்டப் படம் இருக்கா?'

இப்போது நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை கமிட்டியில் ஒரு தோழர், 'டீச்சர், இது நமக்கு எதுக்கு? சங்கம் சம்பளத்துக்குத்தானே?' என்று கேட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். பழைய சந்தாப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். 1977 ஆகஸ்ட்டோடு நின்றுபோன சந்தாக்கள் அதில் இருக்கின்றன. பக்கத்தில் 'தோட்டத்தை விட்டுப் போனவர்' என்று எழுதி ஒரு கோடு. அவ்வளவுதான். அவர்கள் எங்கே போனார்கள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நாம் விசாரிக்கவே இல்லை. 1940இல் முல்லோயாவில் சம்பளம் கேட்டுச் சுடப்பட்ட கோவிந்தனின் பேரை எண்பது வருடம் தாண்டியும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, நானும் மதவாச்சியிலிருந்து ஒரு நாள் நடந்தேன். இருநூறு வருடத்துக்கு முன்னே அந்தக் காட்டு வழியில் விழுந்த நம் ஆட்களில் ஒருவர் பேரையாவது நமக்குச் சொல்ல முடிகிறதா? அவர்களுடையது எழுதி வைக்க ஆளில்லாத காலம். நமக்கு என்ன வந்தது, பேனாவும் இருக்கிறது, போனும் இருக்கிறது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்கு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற ஒரு சான்றிதழும் உண்டு. கிளிநொச்சியில் நிறையத் தாய்மார் அதை நம்பவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள், அலைந்து அலைந்து வெறுத்துப்போனவர்கள். அவர்களிடம் போய் 'பதிவு செய்யுங்கள்' என்று புத்தி சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பதிவு செய்ய நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் கடதாசி இல்லை. கடதாசி நம்மிடம் இருக்கிறது. ரோடு திறந்திருந்த நாலு வருடத்தில் வந்த கடிதங்கள், கல்யாண ஆல்பம், சடங்கு ஆல்பம், பழைய ஜாதகக் கட்டு, எல்லாம் நம் தகரப்பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. சாமி படத்துக்குப் பின்னாலும் பாருங்கள்.

செயலாளரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். வன்னிக்குப் போன உங்கள் சொந்தக்காரர் பேர், எந்த வருடம் போனார்கள், அங்கே எந்த ஊர், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பயமாக இருந்தால் பேரை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள், என் அத்தை அப்படித்தான் எழுதச் சொன்னார். மனசு வந்தால் பிறகு பேரைச் சேர்க்கலாம், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைக்கிறோம். இயக்கத்தில் போனவர், ஷெல்லில் போனவர், பாம்பு கடித்துப் போனவர் என்று பிரிக்க வேண்டாம். இங்கேயிருந்து கொழும்பு வேலைக்குப் போன இடத்தில் பிடிபட்டு இதுவரைக்கும் வராத பிள்ளைகள் இருந்தால் அதையும் எழுதுங்கள். படம் இருந்தால் கொண்டுவாருங்கள். டவுனில் பிரதி எடுத்துவிட்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது அத்தை படத்தைக் காட்டி, 'இந்தப் பச்சை ஸ்வெட்டர் யாருது?' என்று கேட்டார். அப்பாவுடையது என்றேன். 'இன்னும் இருக்கா?' என்றார். இருக்கிறது. அம்மா துவைத்து வைத்திருக்கிறார், முழங்கையில் மட்டும் ஒரு ஓட்டை. பொங்கலுக்கு முன்னே கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், ஒரு சின்னப் பார்சல்தான்.